இரண்டு தட்டும் காலியாக வேண்டும்

ஜனவரி 4

அன்புள்ள ஒல்லிக்குச்சிக்கு,

நான் சாப்பிடுவதே இல்லை என்று என் மகன் உனக்குப் போனில் சொன்னானாமே. அது பொய். மூன்று வேளையும் மேஜை விரிப்புப் போட்டு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். ரொட்டியும் தேநீரும் சாப்பாட்டில் சேராது என்றால் அது அவன் கட்சி.

நடந்தது இதுதான். குளிர் தொடங்கியதிலிருந்து நெஞ்சுச்சளி திரும்பத் திரும்ப வருகிறது. விரலில் கத்தி பட்ட கீறல்கூட ஆற மாட்டேன் என்கிறது. ரத்தம் பரிசோதித்த டாக்டர் சின்னப் பெண். "கிருமி வந்தா சண்டை போட உடம்புக்குள்ள ஆள் இருக்கு பாட்டிம்மா. ஆனா அத்தனை பேரும் பட்டினி. பருப்பு, முட்டை, கீரை, பழம் எதுவுமே உள்ள போகலையே!" என்றாள்.

"முதல்ல மேடம்னு கூப்பிடு" என்றேன்.

அடுத்த சளி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாமாம். ஒருத்திக்காக அடுப்பு மூட்ட மனம் வரவில்லையடி. அவர் போன பிறகு, எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு எதை விழுங்குவது? இதை மகனிடம் சொல்லிவிடாதே.

உன் ஹாஸ்டல் லீடர்

ஜனவரி 13

லீடரம்மாவுக்கு,

உன் வாய்க்கு மட்டும் நோயே இல்லை, சந்தோஷம்.

ஹாஸ்டல் சாப்பாட்டு அறையில் மேஜைக்கு இரண்டு பேர். இரண்டு தட்டும் காலியானால்தான் எழுந்திருக்கலாம் என்று மதர் சட்டம் வைத்திருந்தாரே, ஞாபகமிருக்கிறதா? நான் கீரையை மென்றுகொண்டே இருப்பேன். நீ மேஜைக்கடியில் என் காலை மிதித்து, "முழுங்குடி சனியனே, மணி அடிச்சாச்சு" என்பாய். சேர்ந்தபோது நான் நோஞ்சான். எப்போதும் காய்ச்சல். நோயாளி அறையில் எனக்கென்றே ஒரு கட்டில் கிடந்தது. உன்னிடம் மிதி வாங்கி மிதி வாங்கி, காய்ச்சல் நின்று அந்தக் கட்டில் வேறொருத்திக்குக் கைமாறிப் போனது.

இப்போது அடுப்படியில் நின்றபடியே பிஸ்கட் தின்கிறேன். மிதிக்க ஆளில்லை.

ஒல்லிக்குச்சி (இப்போது குண்டு)

ஜனவரி 21

அன்புள்ளவளே,

"முழுங்குடி" சரி. "சனியனே" என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. மதர் காதில் விழுந்தால் என்ன ஆவது?

நேற்று பருப்பு வேகவைத்தேன், கீரை வதக்கினேன், முட்டை அவித்தேன். எதிரில் உனக்கும் ஒரு தட்டு வைத்தேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. நாற்காலிக் காலை எத்தனை தடவை மிதிப்பது?

கிழக்குப் பார்த்த அறை காலியாக இருக்கிறது. நல்ல வெயில் விழும். விருந்தாளியாக வேண்டாம், இருப்பதற்கே வா. நான் யாரிடமும் எதையும் கேட்டவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

போனில் கேட்டால், "சும்மா சொன்னேன்" என்று மழுப்பிவிடுவேன். அதனால், வருகிறாயா இல்லையா என்று கடிதத்திலேயே எழுது.

லீடர்