சோப்புப் போட்ட குதிரைக்குட்டி

நம் பேரப்பிள்ளைகளின் தாத்தாவுக்கு வணக்கத்துடன் சைக்கால் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நான் வேலைக்கு வந்திருக்கும் இந்தக் கசாக்கு நாட்டுப் பண்ணையில் ஒரு பெட்டைக் குதிரை முதல் குட்டி போட்டது. முதலாளி யெர்மெக் அதைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டான். தன் வாசம் இல்லாத குட்டியைத் தாய் உதைத்து விரட்டியது.

"விடு ஆத்தா, இனி பொழைக்காது" என்றான்.

"கல்யாணத்துக்கா குளிப்பாட்டுன? தள்ளுடா!"

தாயின் பாலையே கறந்து குட்டி மேலெல்லாம் பூசி, நம் மலையில் குதிரைகளைக் கூப்பிடுவதுபோல் "குரூ, குரூ" என்றேன். எனக்கும் செல்லமாக ஓர் உதை விழுந்தது, பயப்படாதீர்கள். பிறகு தாய் குட்டியை முகர்ந்தது, நக்கியது, பால் கொடுத்தது. என் கைக்கு அடங்காத குதிரை ஏது!

இங்கே குளிர் அதிகம். நீங்கள் போட்டுக்கொள்ளும் பழைய கோட்டை, இந்தக் கடிதம் கொண்டுவரும் லாரிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். துவைத்துவிடாதீர்கள், அப்படியே கொடுங்கள். வண்டி கிளம்புகிறது.

சைக்கால்