இருபத்தாறு இஞ்ச் அக்காவுக்கு

என் பிடிவாதக்கார ஸ்டெல்லா அக்காவுக்கு,

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீதான் ஜெயித்தாய். மேலே இருந்துகொண்டு ரொம்ப ஆடாதே.

நாம் இருவரும் ஒரே மாதிரி மலைச் சைக்கிள் வாங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? இருபத்தாறு இஞ்ச் சக்கரம், அதன் நடுவில் அச்சு நுழைகிற ஹப்பும் ஒரே அளவு. காட்டுப் பாதையில் ஒருத்தியின் சக்கரம் கோணினால் மற்றவள் தன்னுடையதைக் கழற்றிக் கொடுக்க வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். "ரெண்டு பேரும் தள்றதுக்கு ஒருத்தியாவது ஓட்டலாமில்ல?" என்பாய். கோண வைப்பது எப்போதும் நீ, தள்ளுவது எப்போதும் நான்.

பிறகு நான் இருபத்தொன்பது இஞ்ச் வாங்கினேன். "இனிமே உன் சக்கரம் எனக்குச் சேராது, என்னுது உனக்குச் சேராது. அப்புறம் எதுக்குடி ஒண்ணா போறது?" என்று கேட்டாய். உன்னைப் பத்தாம்பசலி என்றேன். பதினைந்து நாள் பேசாமல் இருந்தோம். அந்தப் பதினைந்து நாளை இப்போது யாரிடம் திருப்பிக் கேட்பேன்?

சேதி கேள். உன் சைக்கிளை இப்போது ஓட்டுவது யார் தெரியுமா? பால் வாங்கக்கூட ஸ்கூட்டரில் போகும் உன் வீட்டுக்காரர்! நீ போனதிலிருந்து யாரோடும் முகம் கொடுத்துப் பேசாத மாமா, ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் உன் ஹெல்மெட்டோடு என் வாசலில் வந்து நின்றார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கனகபுரா சாலைப் பக்கம் நம் பழைய காட்டுப் பாதைக்குப் போகிறோம்.

இரண்டு மாதம் முன்பு பாறையில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கோணலாக்கிவிட்டார். என்னுடையது சேராது. இருவரும் நடந்தோம். பாதி வழியில் மாமா சிரிக்க ஆரம்பித்தார். "இதத்தானே, ரீட்டா, உங்க அக்கா அன்னைக்கே சொன்னா? நீ கேட்டியா?" நீ போனபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சைக்கிள் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "நிமித்தித் தர்றேன், ரொம்ப நாள் தாங்காது. இந்த அளவுல புதுசு கிடைக்கிறது கஷ்டம். உங்களுதும் ஓல்ட் மாடல்தான் மேடம். இப்ப ஹப் ஆறு மில்லிமீட்டர் அகலம் ஜாஸ்தி." என் பீற்றலுக்கு ஆறு மில்லிமீட்டரில் ஆப்பு!

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. "ஒடஞ்சா ஓரமா வெச்சிடறேன். அவ சைக்கிள் இல்லாம நான் வரலம்மா" என்றார்.

விடுவேனா? ஈஜிபுராவில் ஒரு வீட்டு பால்கனியில், துண்டு காயப்போட்டிருந்த நம் பழைய மாடலைக் கண்டுபிடித்தேன். வாங்கித் துடைத்து எண்ணெய் போட்டேன். இருபத்தொன்பதை விற்றுவிட்டேன்.

போன ஞாயிறு மாமாவின் சக்கரம் மறுபடி கோணியது. உன் சட்டப்படி என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மேட்டின் உச்சிவரை ஓட்டிப் போய், உன்னைப் போலவே திரும்பிப் பார்த்து, "சீக்கிரம் வாடீ!" என்று கத்தினார். என்னை அவர் வாடீ என்றதே இல்லை, அக்கா.

இனி எந்த அளவு வந்தாலும் மாற மாட்டேன். அவருக்குச் சேருகிற சக்கரம் என்னிடம் எப்போதும் இருக்கும்.

இன்னும் தள்ளிக்கொண்டே பின்னால் வரும்
உன் தங்கச்சி ரீட்டா