பெட்டியில் வந்த ஆட்டு இதயம்

விஸ்கான்சின்
டிசம்பர் 3

அன்புள்ள மாரிட்டுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம், அதாவது அவருடைய முறிந்த இடுப்பு எலும்பைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் அங்கே ஓரெகன் மழையில் நனையாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். உன் பெயருக்கு ஒரு பெட்டி வந்தது. நான் தொழுவத்தில் இருந்தேன், அப்பாவைப் பார்க்க வந்திருந்த பக்கத்துப் பண்ணை சோல்வைக் அதை வாங்கி, யாரோ மான்கறி அனுப்பியிருக்கிறார்கள் என்று ஃப்ரீசரில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை சமைக்கலாமென்று எடுத்துப் பிரித்தால் மருந்து நாற்றத்தோடு ஓர் ஆட்டு இதயம், கூடவே கத்தி, கையுறை, உன் கல்லூரிச் சீட்டு. ஜனவரியிலிருந்து உனக்கு எல்லா வகுப்பும் ஆன்லைனில், உடற்கூற்று லேப் உட்பட, வீட்டிலிருந்தே என்று அதில் இருந்தது. சோல்வைக்கிடம் சொன்னதற்கு, "நல்லவேளை, பாதியை நான் எடுத்துட்டுப் போகட்டுமான்னு கேக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.

போன வாரம் போனில் ஆன்லைன் வகுப்புதான் வசதி, வசதி என்று நாலு தடவை சொன்னாய். காலை ஐந்து மணிக்கு இங்கே பால் கறக்க ஆளில்லை, அதுதான் உன் வசதி என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. ஆன்லைன் மோசம் என்று நான் சொல்லவரவில்லை, வரலாற்றுப் பாடத்தை எங்கே உட்கார்ந்து படித்தால் என்ன. ஆனால் லேபை நேரில் படிக்காவிட்டால் சில மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை என்று உன் ஆலோசகர் சொன்னதாகச் செப்டம்பரில் நீதான் எழுதியிருந்தாய். அப்பா அந்த இதயத்தை மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ இங்க தனியா உக்காந்து அறுப்பா, தப்பா அறுத்தா யாரு கையப் பிடிச்சு நிறுத்துவா, நானா? எனக்கு மாட்டு மடிதான் தெரியும்" என்றார்.

மாடுகளை விற்றுவிட்டோம். செவ்வாய்க்கிழமை லாரி வந்தது, எல்லாம் ஏறின, நீ பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்த டாக்மர் மட்டும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது, அதையும் நானே தள்ளி ஏற்றினேன். அழுதேன், வேறென்ன செய்ய. உன்னைக் கேட்காமல் செய்ததற்குக் கோபப்பட்டுக்கொள், ஆனால் கேட்டிருந்தால் மறுநாளே பஸ் ஏறியிருப்பாய். அப்பா இன்னும் நாலரைக்கே எழுந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, ஒரு காலில் மட்டும் பூட்ஸ் போட்டு உட்கார்ந்திருக்கிறார், இன்னொரு காலுக்கு அவரால் குனிய முடியவில்லை. நான் காபி கொடுக்கிறேன், குடிக்கிறார்.

கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும், கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே. பதினாறாம் தேதியோடு பதிவு முடிகிறது, லேபை நேர்வகுப்புக்கு மாற்றிவிட்டு எனக்குப் போன் செய். கிறிஸ்துமஸுக்கு வா, எட்டு மணிவரை தூங்கு. உன்னை எழுப்ப இங்கே இனி எதுவும் இல்லை.

அம்மா
குன்ஹில்ட்