மாடிக்குத் தனி ஏணி

செவ்வாய், இரவு

தாராவி வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டித் தருவதற்காக இன்று கணக்கெடுக்க வந்தார்கள். கீழே நானும் மனைவியும். தலைக்கு மேல் தகரம் அடித்துப் போட்ட மாடியில் மகனும் மருமகளும். அவர்கள் ஏற வெளியே தனி ஏணி. இரண்டு வீடு தேறும் என்ற பேராசையில், "மாடி தனி வீடு, தனி அடுப்பு" என்று இந்தியில் முழங்கினேன். வந்த பெண் அப்படியே எழுதிக்கொண்டு, பிறகுதான் விதியைச் சொன்னாள். தரைத்தளத்துக்கு மட்டுமே இங்கே வீடு. தனி மாடி என்றால் தாராவிக்கு வெளியே எங்கேயோ, அதுவும் வாடகைக்கு. இனி மாற்ற முடியாதாம்.

பக்கத்து வீட்டுச் செல்லையா தன் மாடியை அப்பளம் காயப்போடும் பரண் என்று சொல்லித் தப்பித்துவிட்டான். அந்தப் பரணில் அவன் தம்பி குடும்பமே காய்கிறது.

"ஒங்க வாயி சும்மா கெடக்காதா? பெத்த புள்ளைய நீங்களே வெரட்டிட்டீகளே!" என்றாள் மனைவி. நான் ஏதோ ஜோக்கடித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

மருமகள் மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "மாமா, அங்கேருந்து இங்க வர டிரெயின் உண்டா?"

"உண்டும்மா" என்றேன். அது எந்த ஊர் என்றே எனக்குத் தெரியாது.