எதிர்மனுதாரரின் பெயர்

அன்புள்ள அப்பா,

கரியாலூரில் விடாத மழை. நீங்கள் வாடகைக்கு விட்ட அத்தையின் வீட்டில், அருவி பார்க்க வந்தவர்கள் தங்கியிருக்கிறார்கள். அத்தை ஆட்டுக்கொட்டகையில் படுத்திருக்கிறார். "ரெண்டு நாளுதான்க்கா" என்று சொல்லிவிட்டு நீங்கள் சேலம் போய் ஐந்து வாரம் ஆகிறது.

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கடைசிவரை பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்து நீங்கள் அத்தையிடம் வாங்கிய வீட்டை, பார்த்துக்கொள்ளாவிட்டால் அவர் திரும்பக் கேட்க முதியோர் சட்டம் இருக்கிறது. நூலகத்தில் படித்தேன். நேற்று அத்தையோடு கள்ளக்குறிச்சி கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். அத்தை சொல்லச் சொல்ல மனுவை நான் எழுதினேன். யார் மேல் புகார் என்று எழுதும் 'எதிர்மனுதாரர்' என்ற இடம் வந்ததும், அத்தை அதை விட்டுவிட்டு மேலே எழுதச் சொன்னார்.

"பேரு இல்லாம யாருக்கும்மா நோட்டீஸ் அனுப்பறது?" என்றார் அங்கிருந்த அலுவலர்.

"தம்பி பேரு வாணாங்க. அந்தப் பேர வெச்சதே நான்தாங்க. வேற எதனா போட்டுக்கோங்க."

அலுவலர் என்னைப் பார்த்தார். நான் எழுதினேன்.

நோட்டீஸ் வருவதற்குள் வந்து அத்தைக்கு வீட்டைத் திறந்துவிடுங்கள், அப்பா. வராவிட்டாலும் அவரைத் திட்டாதீர்கள். அவர் உங்கள் பெயரைச் சொல்லவே இல்லை.

இப்படிக்கு,
அதை எழுதிய உங்கள் மகள்