பிழை திருத்தாத கிருமியும் நீ எடுத்த டிக்கெட்டும்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் நானும் அம்மாவும் நலம், ஆஸ்பத்திரியில் தம்பி பாதி நலம், அவன் நெஞ்சுக்குள் இருக்கும் கிருமி பரிபூரண நலம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ டிக்கெட் எடுத்த செய்தி வந்ததும் அம்மா உன் அறைத் தலையணைக்கு உறை மாற்றிவிட்டாள். அதைக் கழற்றச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். நீ வராதே.

ஏன் என்று கேட்பாய். எங்கள் இருவரிடமிருந்தும் ஆளுக்குப் பாதியாக வாங்கிக்கொண்டு நீங்கள் இருவரும் பிறந்த, நுரையீரலில் சளி கெட்டியாகிப் போகும் அந்த சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஒன்றேதான், குடும்பச் சொத்தில் சண்டையில்லாமல் பங்கு பிரிந்தது அது மட்டும்தான். ஆனால் தம்பி நெஞ்சில் உள்ள கிருமி உன்னிடம் இல்லை. போன மாதம் அவனுக்குக் காய்ச்சல் விட்டதும் கிருமி தொலைந்தது என்று உன் சித்தப்பா தீர்ப்புச் சொன்னார், அம்மா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டாள், பையனும் நெபுலைசர் மருந்தை ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டான். ஊதிப் பார்க்கும் கருவியில் மூச்சு மட்டும் இறங்கிக்கொண்டே போயிற்று. டாக்டரம்மா சொன்னார், கிருமி தொலையவில்லை, குடியமர்ந்துவிட்டது. வந்த புதிதில் அது வாலை ஆட்டி நீந்துமாம், நஞ்சைக் கக்கி உடம்போடு மல்லுக்கட்டுமாம். வருடக்கணக்கில் அந்தக் கெட்டிச் சளியில் பழகிய பிறகு, இனி எங்கே போகப் போகிறோம் என்று வாலை உதிர்த்துவிட்டு, சண்டையைக் குறைத்துக்கொண்டு, கொழகொழவென்று ஒரு போர்வையைச் சுரந்து போர்த்திக்கொண்டு மெதுவாக வளருமாம். மருந்துகளில் பலவும் மும்முரமாக வளர்கிறவற்றைத்தான் பிடிக்கும், சோம்பேறிகள் தப்பித்துவிடும். வேலை நிரந்தரமான பிறகு உன் சித்தப்பா ஆபீசில் இருந்த மாதிரி என்றேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை, சித்தப்பாதான் சிரித்தார்.

அடுத்து டாக்டரம்மா சொன்னதுதான் எனக்கு அவமானம். கிருமி பெருகும்போது தன்னையே நகலெடுக்கிறது, அதில் விழும் பிழைகளைத் திருத்த உள்ளேயே ஓர் ஏற்பாடு உண்டு. தம்பியிடம் இருப்பது அந்த ஏற்பாட்டையே தொலைத்துவிட்டதாம். பிழைகள் குவிகின்றன, பெரும்பாலானவை உருப்படுவதில்லை, ஏதோ ஒன்று மருந்துக்கு டிமிக்கி கொடுத்துவிடுகிறது. ஆயுள் முழுக்க அச்சகத்தில் பிழை திருத்தியவனுக்கு இது எப்படி இருக்கும் யோசித்துப் பார். என்னை அனுப்பிவிட்டு என் முதலாளியும் செழிப்பாகத்தான் இருக்கிறார், ஆனால் அவர் யாருடைய மூச்சையும் அடைக்கவில்லை.

இப்படி எல்லாம் படித்துத் தேறிய கிருமி எங்களைச் சீண்டாதாம், அதே கெட்டிச் சளி உள்ள உன்னிடம் தாவினால் முதல் நாளே மேலதிகாரியாக வந்து உட்காரும். முகமூடி போட்டுக்கொண்டு தள்ளி நிற்கட்டுமே என்று டாக்டரம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தேன், அந்த வார்டில் நீ கால் வைக்கவே கூடாது என்றுவிட்டார். பெத்த பொண்ணை வராதேன்னு எழுத உங்களுக்குக் கை வருதா என்று அம்மா கேட்கிறாள். வரவில்லைதான். நாளை முதல் இரண்டு மருந்தைச் சேர்த்து ஏற்றப் போகிறார்கள், அதற்கும் மசியாவிட்டால் மாற்று நுரையீரலுக்குப் பதிந்து வைக்க வேண்டும். இதை மறைத்தாலும் நீ கிளம்புவாய், மறைக்காவிட்டாலும் கிளம்புவாய், அதனால் தம்பி சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். அவளுக்கு எட்டி நிக்கத் தெரியாதுப்பா, வாசல்லயே நிக்கிறேன்னு சொல்லுவா, அப்புறம் கட்டில்ல ஏறி உக்காந்துக்குவா, பொறந்ததுலேருந்து எங்கிட்ட இருந்த எல்லாத்தையும் பிடுங்கிட்டா, இத மட்டும் குடுக்க மாட்டேன்னு எழுதுங்க என்றான். இதைச் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று, நடுநடுவே ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் போட்டுப் போட்டு எடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் விடாமல் சொல்லி முடித்தான்.

மருந்தை வேளை தவறாமல் இழு, காய்ச்சல் இல்லை என்று மெத்தனமாக இராதே. நன்றாக இரு, நெடுங்காலம் இரு, அதுதான் எங்கள் இருவர் ஆசியும். டிக்கெட்டை ரத்து செய்ததை அம்மாவிடம் நீயே சொல்லிவிடு, எனக்குத் தைரியம் இல்லை.

உன்னைப் பார்க்காமலே உன்னைக் காப்பாற்றப் பார்க்கும்
அப்பா