ஜீஷான் கால் வைத்த குழி

ஓசூர், பாகலூர் ரோடு
10 ஜனவரி 2026, சனி

அன்புள்ள யுவா,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. இங்கே நடுராத்திரி தாண்டிவிட்டது, உன் தைபேயில் பால்காரர் வருகிற நேரம்கூட ஆகியிருக்கலாம். என் பையன் ஜீஷான் இப்போதுதான் தூங்கினான். போனில் பேசலாம் என்றால், நான் "ஹலோ" சொன்ன உடனே எழுந்துவிடுவான். நமக்கு மெயில்தான் சரி.

நலமா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? போன வாரம் உன் அம்மா சிங்காரப்பேட்டையிலிருந்து பேசினார். "அவகிட்ட நீயாவது சொல்லு மெஹ்னாசு, நூடுல்ஸயே தின்னுக்கிட்டுக் கெடக்கறா" என்றார். சொல்லிவிட்டேன். என் கடமை முடிந்தது.

பிரசவ லீவு முடிகிறது. பிப்ரவரி இரண்டாம் தேதி மறுபடி பிளான்ட்டில் சேர வேண்டும். புட்டிப்பாலை வாயில் வைத்தால் துப்புகிறான். மாமியார், "நாங்க வளக்கலியா? நீ போ, நான் பாத்துக்கறேன்" என்கிறார். அது உண்மைதான். ஆனாலும் குளிக்கப் போனால்கூட அழுகிற சத்தம் காதில் கேட்கிறது, வந்து பார்த்தால் தூங்கிக்கொண்டிருப்பான். ஒன்று மட்டும் தெரியும், யுவா. இந்த வேலையை விட்டால் மறுபடி யாரும் கூப்பிட மாட்டார்கள். நம் வகுப்பில் கல்யாணம் ஆன எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள், நீயே யோசித்துப் பார்.

கிருஷ்ணகிரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டு, இப்போது நான் குருபரப்பள்ளி பக்கம் ஒரு கம்பெனியின் புது கேம் கன்சோலுக்கு போர்டு டெஸ்ட் செய்கிறேன். நீயோ எதிர்க் கம்பெனியில், அடுத்த கன்சோல் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற குழுவில் இருக்கிறாய். வேலைப் பேச்சு கிடையாது என்று நாம் போட்ட சட்டத்தை மீற மாட்டேன். பேப்பரில் வருவதைப் பேசலாம் அல்லவா? மெமரி சிப்பையெல்லாம் ஏஐ கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போவதால் கன்சோல் விலை ஏறும் என்று போட்டிருந்தது. நஷ்டத்துக்குப் பெட்டியை விற்று கேமில் லாபம் பார்ப்பார்கள் என்று வீட்டுக்காரர் ஷோயப்பிடம் சொன்னேன். "எங்க காயலான் கடையில அப்படி வித்துப் பாரு, அத்தா என்னையும் சேத்து எடைக்குப் போட்டுருவாரு" என்றார்.

ஜீஷான் குப்புற விழ ஆரம்பித்துவிட்டான். உருண்டு விழக்கூடாது என்று ஷோயப் கடையிலிருந்து வெள்ளை ஃபோம் அட்டைகளைக் கொண்டுவந்து படுக்கையைச் சுற்றி நிறுத்தியிருக்கிறார். எங்கள் பிளான்ட்டுக்கு பேக்கிங் பெட்டி செய்கிற யூனிட்டில் கழித்துப் போட்டதாம், மூட்டைக் கணக்கில் வாங்கினார். இதோடு போட்டோ வைத்திருக்கிறேன். ஒரு குழிக்குள் காலை விட்டுக்கொண்டு எப்படிச் சிரிக்கிறான் பார்.

உன் மருமகனுக்கு ஒரு முத்தம் அனுப்பு.

என்றும் உன்,
மெஹ்னாஸ்


தைபே
12 ஜனவரி 2026

அன்புள்ள மெஹ்னு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அம்மாவிடம் சொல், நூடுல்ஸைக் குறைத்துவிட்டேன் என்று. பொய்தான், ஆனாலும் சொல்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நம் சட்டத்தை இன்றைக்கு நான் மீறப்போகிறேன்.

உன் பையனைச் சுற்றி நிற்கிற ஃபோமைப் பார்த்தேன். நடுவில் நீளமான குழி, இரண்டு பக்கமும் உள்ளங்கைக்கு வளைந்த குழி. டிவிக்குக் கீழே வைக்கிற பெட்டிக்கு அப்படி வராது. கையில் பிடித்து விளையாடுகிற கன்சோலுக்குத்தான் வரும். உங்கள் கம்பெனி அடுத்ததாக என்ன விடப்போகிறது என்று இந்தத் தொழிலில் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது உன் வீட்டுப் படுக்கையில் நிற்கிறது. ஜீஷான் பாதம் உள்ளே இருந்ததால் திரை எவ்வளவு பெரிது என்றுகூடக் கணக்குப் போட்டுவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. மனசு தானாகப் போட்டுவிட்டது.

இதில் கொடுமை என்ன தெரியுமா? எங்கள் குழுவில் இரண்டு வருடமாக நான் ஒருத்திதான் கையில் பிடிக்கிற கன்சோல் செய்வோம் என்று கத்திக்கொண்டிருக்கிறேன். மற்ற எல்லோரும், இன்னும் பெரிய பெட்டி, இன்னும் வேகமான சிப் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசிக் கூட்டம். நான் சொன்னதுதான் சரி என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் இனிமேல் நான் வாயைத் திறந்தால், பேசுவது என் யோசனையா உன் போட்டோவா என்று எனக்கே தெரியாது.

எதிர்க் கம்பெனி ரகசியம் எந்த வழியில் கண்ணில் பட்டாலும் சட்டப் பிரிவில் சொல்ல வேண்டும் என்று இங்கே விதி இருக்கிறது. சொன்னால் முதல் கேள்வி, யார் காட்டியது என்பதுதான். மறைத்துப் பிற்பாடு தெரிந்தால் என் வேலையும் போகும், உன் கம்பெனி கோர்ட்டுக்கும் போகும். மெயிலை அழிக்கவும் பயமாக இருக்கிறது, அழித்தால்தான் திருட்டு மாதிரி ஆகிவிடும்.

நான் என்ன செய்யட்டும், மெஹ்னு? நீ சொல்.

உன்,
யுவா


ஓசூர்
13 ஜனவரி 2026

யுவஸ்ரீ,

நான் என் பிள்ளையை அனுப்பினேன். நீ ஃபோமைப் பார்த்திருக்கிறாய். ஐந்து மாதக் குழந்தையின் காலை ஸ்கேலாக வைத்து அளந்திருக்கிறாய். பிரசவத்துக்கும் வரவில்லை, நாற்பதாம் நாளுக்கும் வரவில்லை, சரி, தூரம் என்று விட்டேன். முதல் தடவை அவனை நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்து அனுப்பினால், அவன் யார் ஜாடை என்றுகூடக் கேட்கவில்லை.

அது கன்சோலின் வடிவம் என்று எனக்கே நீ எழுதித்தான் தெரியும். போர்டைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. வெளிக்கூடு மாட்டுகிற ஹாலின் கதவு என் கார்டுக்குத் திறக்காது. ஒரு ஹாலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கன்சோல் வண்டியைக் கறுப்புத் துணி போட்டு மூடித் தள்ளிக்கொண்டு போவார்கள், அதைப் பார்த்து நாங்கள், "கல்யாணப் பொண்ணு போகுது, ஒதுங்குங்கடி" என்று கேலி செய்வோம். நான் எதையும் திருடவில்லை.

என் பெயரைச் சொல்லாதே. சொன்னால் இரண்டாம் தேதி என்னை கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள். இங்கே ஒரு பிளான்ட்டில் பெயர் கெட்டால் சிப்காட் முழுக்கத் தெரிந்துவிடும். ஷோயப் கடையையும் சேர்த்து இழுப்பார்கள். உனக்கு ஒரு கூட்டம்தான் போகும். எனக்கு எல்லாமே போகும்.

மெஹ்னாஸ்


தைபே
17 ஜனவரி 2026

மெஹ்னு,

உன் கோபம் நியாயம். முதலில் அவனைத்தான் பார்த்தேன் என்று எழுதினால் நீ சமாதானம் ஆகிவிடுவாய், ஆனால் அது பொய். முதலில் ஃபோம்தான் கண்ணில் பட்டது. இந்த வேலை என் கண்ணை அப்படி ஆக்கிவிட்டது. கடிதத்தை அனுப்பிவிட்டுத்தான் அவனைப் பார்த்தேன். மேவாய் உன்னுடையது. பிடிவாதமும் உன்னுடையதாக இருந்தால் ஷோயப் அண்ணன் பாவம்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நான் உட்காரவில்லை. சொந்தக் காரணம் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். மேலாளருக்கு நம்பிக்கை இல்லை. "ரெண்டு வருஷம் சண்டை போட்டுட்டுக் கடைசி நாள்ல எந்திரிச்சுப் போறியே" என்கிற மாதிரி பார்த்தார். பெரிய பெட்டி என்றே முடிவு பண்ணிவிட்டார்கள். அடுத்த மாதம் சிப்புக்கு ஆர்டர் போகும். போனால் திருப்ப முடியாது.

உன் பெயரைச் சொல்லவில்லை. நீ சொல்லு என்று சொல்லும்வரை சொல்லவும் மாட்டேன். ஆனால் தினமும் அந்த மனிதர்கள் நடுவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு நாள் முடியும் என்று தெரியவில்லை.

பொங்கல் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

யுவா


ஓசூர்
23 ஜனவரி 2026, வெள்ளி

என் யுவாவுக்கு,

இதையும் நேரம் கெட்ட நேரத்தில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நடந்ததை விடாமல் சொல்லிவிடுகிறேன். படித்து முடிக்கும்வரை என்னைத் திட்டாதே.

உன் கடிதத்தை ஷோயப்பிடம் படித்துக் காட்டினேன். அதுவரை அவருக்கு எதுவும் தெரியாது. பயத்தில் அவர், ஜீஷான் படுக்கையைச் சுற்றியிருந்த அட்டைகளையெல்லாம் பிடுங்கி, கத்தியை எடுத்துத் துண்டு போட உட்கார்ந்துவிட்டார். நான் கையைப் பிடித்தேன்.

"வெட்டிட்டா? கடையில இன்னும் எத்தனை மூட்டை இருக்குது?"

"அது கெடக்குது பின்னாடி. ஒண்ணு ரெண்டு சோபாக்காரனுக்குக்கூடப் போயிருச்சு."

"அப்ப நாளைக்கு அது எவன் கையிலயாவது கிடைக்கும். கிடைச்சா முதல்ல உங்களத்தான் பிடிப்பாங்க. நம்மளே போய்ச் சொல்லிடலாங்க."

"உன் வேலை?"

நான் அட்டைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரே, "சரி, எந்திரி. காலையில நானும் வரேன். பையனையும் தூக்கிக்க, அழுதா அழட்டும்" என்றார்.

குருபரப்பள்ளி வரைக்கும் பைக்கில் போனோம். எங்கள் தரப் பிரிவுத் தலைவி சுமலதா மேடத்தைப் பார்த்தேன். மாண்டியாக்காரர், கோபம் வந்தால் கன்னடத்தில் போய்விடுவார். என்னைப் பார்த்ததும், "பேபியைக் காட்டத்தான் வந்தியா?" என்று சந்தோஷமாகக் கையை நீட்டினார். ஜீஷானை அவர் கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோம், படுக்கை, போட்டோ, எல்லாம். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. "ஏனம்மா இது! நோட்லில்வா நீனு?" என்று கத்தினார். என்னம்மா இது, நீ பார்க்கவில்லையா என்று அர்த்தம். ஜீஷான் வீறிட்டான். உடனே குரலைத் தணித்து, அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே செக்யூரிட்டிக்கும் சட்ட ஆட்களுக்கும் போன் போட்டார்.

பேக்கிங் பெட்டி செய்கிற யூனிட் கழிவை அரைத்துத் தூளாக்கித்தான் வெளியே விட வேண்டுமாம். அப்படியே மூட்டை கட்டி விற்றிருக்கிறார்கள். டெம்போ வந்து கடையிலிருந்த மூட்டைகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனது. சோபாக்காரரையும் தேடிப் போனார்கள். அவர் ஏற்கெனவே கிழித்து மெத்தைக்குள் அடைத்துவிட்டாராம்.

பிறகு கேட்டார்கள், போட்டோவை யாருக்கு அனுப்பினாய் என்று.

யுவா, உன் பெயரைச் சொல்லிவிட்டேன். உன் கம்பெனி பெயரையும் சொன்னேன்.

என் பெயரைச் சொல்லாதே என்று உன்னிடம் கத்தினேன். நீயும் சொல்லவில்லை, கூட்டத்தை விட்டு எழுந்து போனாய், இரண்டு வருட உழைப்பை விட்டாய். நான் அந்த மேஜைக்கு முன்னால் அரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை. பயத்தில் சொன்னேனா, சொல்ல வேண்டியதைச் சொன்னேனா என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டும்தான் என்று நினைக்கிறேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு. உன் கடைசிக் கடிதத்தில் உங்கள் கம்பெனியின் முடிவு இருக்கிற வரிகளை மறைத்துவிட்டு, மற்றதை அவர்களிடம் காட்டினேன். நீயாக விலகி நின்றாய் என்பதை அவர்கள் என் வார்த்தையில் கேட்பதைவிட உன் வார்த்தையில் படிக்கட்டும் என்றுதான். சட்டக்காரர் இரண்டு தடவை படித்தார். "இப்படிப்பட்டவங்க கைக்குப் போனதுனால தப்பிச்சோம்" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. புதுக் கன்சோல் வெளியாகும்வரை அந்த லைனுக்குள் போகக்கூடாது, சார்ஜர் லைனில் போடுகிறார்கள். மேடம், "எச்சரிக்கைக் கடிதம் உண்டு, தப்பிக்க முடியாது. ரெண்டாம் தேதி டைமுக்கு வா" என்றார். கிளம்பும்போது ஜீஷானைத் திருப்பித் தர மனசில்லாமல் வைத்திருந்தார். பிளான்ட்டுக்குள் பால் கொடுக்க ஓர் அறை திறந்திருக்கிறார்களாம். மாமி மதியம் ஒரு தடவை அவனைக் கொண்டுவந்தால் விடுவார்களா என்று கேட்டேன், பார்க்கலாம் என்றார்.

இப்போது முக்கியமானது. எங்கள் சட்டப் பிரிவு உன் கம்பெனிக்குக் கடிதம் எழுதுகிறது. திங்கட்கிழமை குடியரசு தின லீவு, அதனால் செவ்வாய்க்கிழமை அனுப்புவார்கள். அது வந்து சேர்வதற்குள் நீயே போய்ச் சொல்லிவிடு. மெஹ்னாஸ் என்று பெயரோடு சொல், எல்லா மெயிலையும் காட்டு. நீ முந்திக்கொண்டால் உன் மேலாளருக்கு, நீ ஏன் எழுந்து போனாய் என்பது புரியும். சிப் ஆர்டர் அடுத்த மாதம்தானே என்றாய், இன்னும் நாள் இருக்கிறது. போட்டோவைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு வருடமாக நீ பேசியதெல்லாம் உன்னுடையதுதான், அதை யாரும் உன்னிடமிருந்து எடுக்க முடியாது. மறுபடி உட்கார வைத்துக் கேட்டாலும் கேட்பார்கள்.

நீ என்னோடு பேசாமல் போனால் அது உன் உரிமை. ஆனால் செவ்வாய்க்கு முன்னால் இதைப் படித்துவிட்டாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது.

உன்,
மெஹ்னாஸ்